வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?

நம் சாலைகளில் தினந்தோறும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. எந்தப் பரீட்சையிலும் அது வருவதில்லை. ஆனாலும் அதை அறியாத தமிழன் இல்லை. "வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?" என்பதுதான் அந்தக் கேள்வி. மோட்டார் வண்டியின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, சைக்கிளில் போகிறவனைப் பார்த்து அதைக் கேட்பார்கள். பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. நாம் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் அரை பர்லாங்கு தூரம் போய்விட்டிருப்பார்.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தால் அதன் விபரீதம் விளங்கும். "நீ சாவதற்கென்றே புறப்பட்டிருக்கிறாய், வீட்டாரிடம் கடைசி விடை பெற்றுக் கொண்டாயா?" என்பதுதான் அதன் பொருள். கொல்லப் போகிறவர் யார் என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிடுகிறது! நம் வீடுகளில் "போகிறேன்" என்று சொல்லிப் புறப்படுகிற வழக்கமே கிடையாது. கடைத்தெருவுக்குப் போனாலும் காசிக்குப் போனாலும் "போய் வருகிறேன்" என்றுதான் சொல்லுவோம். திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் வாசற்படி இறங்குகிறோம். அந்த வாக்கைக் காப்பாற்றுவது நம் கையில் மட்டும் இல்லை என்பது நாற்சந்திக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

விழுப்புரம் ஜில்லாவில் செஞ்சிக்கு அப்பால் உள்ள மேல்மலையனூரைப் பற்றி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரம்ம கபாலம் கையில் ஒட்டிக்கொண்டு அலைந்த சிவபெருமானுக்கு அந்தத் தொல்லை நீங்கிய ஸ்தலம் அது என்பது புராணம். அங்காள பரமேசுவரியின் சந்நிதியில் அமாவாசை தோறும் நள்ளிரவை ஒட்டி நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஜனங்கள் வந்து குவிகிறார்கள். மாசி மாதத்து மயானக் கொள்ளையின்போது கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். மற்ற நாட்களில் ஆடு மாடுகள் அசை போட்டுக் கொண்டு குறுக்கே போகும் சாலைகளில், அமாவாசையன்று பிற்பகல் முதல் சிறப்புப் பஸ்களும் வேன்களும் கார்களும் ஒன்றையொன்று துரத்திக் கொண்டு வரும். செஞ்சியிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வருகிற வண்டிகள் யாவும் ஏதாவது ஒரு கூட்டுரோட்டில் வந்து முட்டிக் கொள்ள வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் சாலைகள் சேருமிடத்தைக் கூட்டுரோடு என்றுதான் சொல்லுவார்கள். அங்கே ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் ஒட்டும் கடை, ஒரு புளிய மரம் இவற்றைக் காணலாம். போலீஸ்காரரைக் காண்பது அவருடைய சௌகரியத்தைப் பொறுத்தது.

அப்படிப்பட்ட ஒரு கூட்டுரோட்டில் ஓர் அமாவாசையன்று மாலை நான் சைக்கிளில் போய்க் கொண்டிருந்தேன். நான் நேரே போக வேண்டியவன். பின்னால் வந்த வேன் ஒன்று என்னைத் தாண்டிற்று. தாண்டிய மாத்திரத்தில், கையும் காட்டாமல் விளக்கும் காட்டாமல், மலையனூர்ச் சாலையில் இடது பக்கம் திரும்பிற்று. எனக்கும் சாலைக்கும் நடுவே திடீரென்று ஒரு மஞ்சள் சுவர் எழும்பியது போல இருந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்துக் காலை மண்ணில் ஊன்றி நின்றேன். அப்போதுதான் மேற்படி கேள்வி என் காதில் விழுந்தது.

ஆனால் அன்று வழக்கத்துக்கு மாறான ஒரு காரியம் நடந்தது. அந்த வேன் ஐம்பது கஜ தூரத்திலேயே டீக்கடை வாசலில் நின்றுவிட்டது. அத்தனை அவசரமும் தேநீருக்காகத்தான்! பதில் சொல்ல இப்படி ஒரு சந்தர்ப்பம் ஆயுளில் எத்தனை தடவை கிடைக்கும்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"தம்பி, சற்று முன் ஒரு கேள்வி கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல வந்தேன். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஏழு மணிக்குள் மண்ணெண்ணெய் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்."

டீக்கடைக்காரர் சிரித்தார். டிரைவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

"மனசுல வச்சுக்காதீங்க ஐயா. நேத்து ராத்திரி ஏறி உட்கார்ந்தவன், இன்னும் இறங்கல. ஊஞ்சலுக்கு முன்னால இன்னொரு டிரிப்பு அடிச்சாகணும்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றான்.

"என் சைக்கிள் உங்கள் கண்ணில் படவில்லையா?"

"பட்டுதுங்க. நீங்க நின்னுக்குவீங்கன்னு நெனச்சேன்."

அவன் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக எனக்கு அவன்மேல் மரியாதைகூட உண்டாயிற்று. வேனின் முன்புறத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் ஆடிக்கொண்டிருந்தது. சந்நிதியில் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால் கண்டம் கழியும் என்பது நம்பிக்கை. நசுங்குவது எலுமிச்சம்பழத்தோடு நின்றுவிட்டால் எவ்வளவோ புண்ணியம்!

"நீங்க நின்னுக்குவீங்கன்னு நெனச்சேன்." நம் தேசத்துச் சாலைச் சட்டம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. லாரி வந்தால் கார் நிற்க வேண்டும். கார் வந்தால் மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிள் வந்தால் சைக்கிள். சைக்கிள் வந்தால் நடக்கிறவர். சென்னை மாகாணத்தில் 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஜமீன்தாரி ஒழிந்தது. சாலையில் மட்டும் அது இன்னும் ஒழிந்தபாடில்லை. சில தேசங்களில் எதிரே வருகிறவர் முன்விளக்கை மினுக்கினால் "தாங்கள் முதலில் போகலாம்" என்று ஜனங்கள் பொருள் கொள்கிறார்கள். நம்மிடையே அதற்கு "நான் நிற்கப் போவதில்லை" என்று பொருள்.

எழுதப்பட்ட சட்டம் வேறு விதமாக இருக்கிறது. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகள், சந்திப்பை நெருங்கும் மோட்டார் ஓட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றும், அங்குள்ளவர்களுக்கு அபாயம் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்றும் சொல்லின. பிரதான சாலையில் நுழைகிறவர் அதில் போகிற வண்டிகளுக்கு வழி விட வேண்டும். மற்ற இடங்களில் வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். 2017-ல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. வேகத்தைக் குறைத்து வழி விடும் கடமை மாறவில்லை. "பெரிய வண்டி முதலில்" என்று பழைய விதியிலும் இல்லை, புதிய விதியிலும் இல்லை.

சட்டத்தை விடக் கண்டிப்பானது கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு வினாடி ஆகும். பிறகு நல்ல சாலையில், நல்ல பிரேக்கோடு நிற்பதற்குள் மொத்தத்தில் 40 மீட்டராவது ஆகிவிடும். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 15 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகம் பாதியானால் அபாயம் பாதிக்கும் மிகக் குறைவாகிறது. மறுபக்கத்தில், நின்ற இடத்திலிருந்து சைக்கிளை மிதித்து 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஏறக்குறைய 5 வினாடி வேண்டும். அந்த 5 வினாடியில் 60 கிலோமீட்டர் வேகக்காரர் 80 மீட்டருக்கு மேல் வந்துவிடுவார். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த பஸ் சாலை நடுவில் நம் தலைமேல் வந்து நிற்பதன் மர்மம் இதுதான்.

இன்னொரு மர்மமும் உண்டு. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போவதில்லை. உட்புறமாக அறுத்துக் கொண்டு போகும். லாரியின் இடது பக்கத்தில் ஒட்டி நிற்கும் சைக்கிள்காரர், முன் சக்கரம் விலகிப் போவதைப் பார்த்துத் தைரியமாக இருப்பார். பின் சக்கரம் அவரை நோக்கி வரும். டிரைவருக்கோ உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்த மூலை தெரியவே தெரியாது. ஆகையால் சந்திப்பில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடது பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். பின்னால் நிற்பதே உத்தமம். டிரைவருடைய முகம் உங்களுக்குத் தெரியவில்லையானால், உங்கள் முகமும் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். திரும்பும் முன் கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள். இருட்டினால் விளக்கும், பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பானும் அவசியம்.

இவ்வளவும் சைக்கிள்காரர் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் பார்த்தும் நிற்காதவரிடம் எந்த விளக்கு என்ன செய்யும்?

இந்தக் கவலை என் ஒருவனைப் பற்றியதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதுவரை பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்தவர்கள் தாங்களாகவே சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். பள்ளி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கும் திட்டம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கென்று ஆரம்பமாகிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒரு சைக்கிளால் ஒரு பெண்ணின் படிப்பு தொடர்கிறது. கூட்டுரோட்டைக் கடக்க முடியவில்லை என்று வீட்டில் பயந்து நிறுத்திவிட்டால், அந்தப் படிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஹாலந்து தேசத்தில் இன்று குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போவதைப் பார்த்து வியக்கிறோம். அங்கேயும் 1971-ல் சாலை விபத்துக்களில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். பிறகுதான் சந்திப்புகளின் முனைகள் ஒடுக்கப்பட்டன. வளைவு விசாலமாக இருந்தால் வண்டி வேகமாகத் திரும்பும். முனை ஒடுங்கியிருந்தால் எப்பேர்ப்பட்ட சூரனும் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும். இந்தியாவிலோ 2022-ல் மட்டும் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்கு சொல்கிறது. அத்தனை பேரும் வீட்டில் "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தான்.

வேனுக்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் எத்தனை டிரிப்பு அடித்தான் என்று கணக்குக் கேட்பவர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினான் என்றும் கேட்க வேண்டும். பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊஞ்சல் ஆடும் அம்மன் பத்து நிமிஷம் தாமதமாக வந்தவர்களைக் கோபிப்பதாக எந்தப் புராணத்திலும் இல்லை. "இன்னும் வேகமாகப் போப்பா" என்று பின்னாலிருந்து டிரைவரை விரட்ட வேண்டாம்.

அன்று நான் டீக்கடையில் நிற்கும்போதே பள்ளி விட்டு வந்த ஏழெட்டுப் பெண்கள் சைக்கிள்களோடு சாலையோரம் வந்து நின்றார்கள். ஒரு வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் கல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் டிரைவர் நடுத்தர வயதுக்காரர். சற்றுத் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, சாலையை அடைத்தாற்போல நிறுத்தினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் லட்சியம் செய்யாமல், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "போங்கம்மா, பார்த்துப் போங்க" என்றார். பெண்கள் சிரித்துக் கொண்டே கடந்து போனார்கள். வேன் டிரைவர் அதைப் பார்த்துக் கொண்டிருந்தான். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவன் புறப்பட்டபோது, இந்தத் தடவை இடது பக்கத்து விளக்கு மினுக்கியதை நான் கவனித்தேன்.