விதைக்கு விட்ட கொடி

காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆடி மழைக்குச் சோளத்தோடு தட்டைப்பயறையும் கலந்து விதைப்பார்கள். அது ஆடுமாட்டுக்கும் வீட்டுக்கும் பொது. என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி வேலியில் ஏற்றிவிட்ட தட்டை வேறு. நீளக்கொடி, செம்பழுப்பு விதை, விதையின் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். கல்யாணமாகி வரும்போது தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்ததாம். அதற்குப் பிறகு ஒரு மணி விதைகூட அவர் காசு கொடுத்து வாங்கியதில்லை.

தட்டைப்பூ விடிகாலையில் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும். காய்க்காம்பில் கசியும் தேனுக்கு எறும்பு சாரை கட்டும். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடுவதால், பக்கத்து வேலியில் வேறு பயறு இருந்தாலும் இனம் அவ்வளவு லேசில் கலக்காது. அம்மிச்சியின் விளக்கம் இன்னும் சுருக்கம்: "நம்ம தட்டை நம்மளாட்டத்தான் வரும்."

முதல் காய்ப்பு பொரியலுக்கு. அப்புறம் அசுவினி அண்டாத, காய் திரண்ட கொடியாகப் பார்த்துப் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவார். கட்டிய கொடியில் அப்பிச்சியே கை வைக்க முடியாது. "வெதைக்கு உட்டதுங்க" என்றால் பேச்சு முடிந்தது.

நெற்று வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்ததும் வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். உச்சி வெயிலில் தொட்டால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை தெறித்துவிடும். வாசலில் காயப்போட்டு, முறத்தில் புடைத்து, சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஒரு விதையைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று இரண்டாக வேண்டும். பல் பதிந்தால் இன்னொரு வெயில்.

பயறு வண்டு பொல்லாதது. காட்டிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டு, விதையோடு விதையாக வீட்டுக்குள் வந்துவிடும். பானை வாயை எவ்வளவு இறுக்கிக் கட்டியும் பிரயோஜனமில்லை. அதற்குத்தான் விறகடுப்புச் சாம்பல். சலித்த சாம்பலில் விதையைப் புரட்டிப் பானையில் கொட்டி, மேலேயும் ஒரு படை சாம்பல் பரப்புவார். இடுக்கெல்லாம் சாம்பல் அடைத்துக்கொண்டால் வண்டு நகரவும் முடியாது, முட்டை வைக்கவும் முடியாது. அடுத்த ஆடிக்குப் பானைக்குள் கை விட்டுத் துழாவுவது எங்கள் வேலை. முழங்கை வரை வெளுத்துப்போய் வெளியே வருவோம்.

அம்மிச்சி படுக்கையில் விழுந்த வருஷம் யாரும் விதைக்கவில்லை. அடுத்த ஆடியிலும் இல்லை. அவர் காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சமைக்கையில் பானையில் இருந்ததைக் கழுவிக் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள். அம்மாவைக் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். கோபப்பட என்ன இருக்கிறது? எங்கள் ஊர் வெக்கையில் வீட்டோடு கிடந்தால் அது நாலைந்து வருஷத்தில் முளைப்புத்திறனை இழந்திருக்கும். குழம்பாகவாவது ஆனது.

இப்போது சென்னையில் என் மொட்டைமாடித் தொட்டிகளில் காய்ப்பது, புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தில் உருவான ரகம். குறை சொல்ல முடியாது. சீக்கிரம் காய்க்கிறது, சீக்கிரம் முடிந்தும் விடுகிறது. பொடக்காலிக் கொடியோ வாரக்கணக்கில் தினம் ஒரு பிடி கொடுத்துக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? நன்றாகக் காய்ந்த விதையை டப்பாவில் அடைத்து பிரீசரில் வைக்கிறேன். வண்டு விழுவதில்லை. ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று மகன்தான் சண்டைக்கு வருகிறான்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் சந்தையில் பயறு விற்கும் ஆத்தாக்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். வெள்ளை இருக்கும், சிவப்பு இருக்கும், கறுப்புகூட இருக்கும். "கண்ணுல கருப்பு வட்டம் போட்டதா? எங்க மாமியா வெச்சிருந்தாங்க கண்ணு. இப்ப ஆரு வெக்கறாங்க?" என்றார் ஒருவர். சரி, இருக்கிற சிவப்பையாவது வாங்கலாமென்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"வெதைக்குன்னா இது வேண்டாஞ்சாமி. வண்டு வுழுந்துருக்குது."