அண்ணன் வேனுக்கு எந்த இன்ஜின்?



போன மாதம் அண்ணனின் பழைய மெட்டடார் வேன் படத்தை இங்கே போட்டதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. "சார், அதே வேனா?", "சித்தப்பா, அது இன்னுமா இருக்கு?", "இன்ஜின் என்ன போடப் போறீங்க?" முதல் இரண்டுக்கும் ஒரே பதில்: அதே வேன்தான், இருக்கிறது. மூன்றாவதற்குத்தான் இந்த நீளமான பதிவு. பாடம் நடத்தாமல் பதில் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அண்ணன் அந்த வேனை வாங்கியது 1981-ல். ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் 'இராமநாதபுரம்' என்றுதான் இருக்கும். நம் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்ததே 1985-ல்தானே. அந்த வேன் போகாத கல்யாணம் நம் குடும்பத்தில் கிடையாது. கபடிப் போட்டிக்கு அதில் நெருக்கியடித்துப் போன பையன்கள் சிலர் இன்று பேரன் எடுத்துவிட்டார்கள். 2006-ல் அண்ணன் தவறிய பிறகு ராஜபாளையம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் நின்றது, நின்றதுதான்.

இப்போது அண்ணன் மகன் அதை எழுப்பப் பார்க்கிறான். காரணம் மதினி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதினிக்கு 76 வயது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. காரில் காலை நீட்டிப் படுக்க இடம் இல்லை. "ஒரு தடவை குத்தாலம் சாரலைப் பாத்துட்டு, அப்படியே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போய்ச் சாமி கும்பிட்டு வந்துட்டா போதும்" என்கிறார். அண்ணனோடு வருஷா வருஷம் போன வழி அது. வேனுக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர் கேன். வெளிநாட்டில் கேம்பர் வேன் என்பார்களே, அதன் நம்ம ஊர் வடிவம்.

உடம்பில் அங்கங்கே துரு இருந்தாலும் சேஸ் நன்றாக இருக்கிறது. இன்ஜின்தான் ஜாம். ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் இறக்கிப் பிரித்துப் பார்த்தான். நான்கு பிஸ்டனில் இரண்டு துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. அது பெரிய காரியம் இல்லை, ரீபோர் பண்ணி லைனர் போடலாம். ஆனால் பிளாக்கில், தண்ணீர் ஓடும் பக்கம், நீளமாக ஒரு விரிசல். "சார், வார்ப்பிரும்பு. வெல்டிங் வைக்கலாம். ஆனா சூடு ஏறி இறங்க இறங்கப் பக்கத்துல விரியும். மலையில நடுவழில நின்னா என்னால பதில் சொல்ல முடியாது" என்றான். அவன் பள்ளியில் படித்த காலத்திலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டான். அதனால் அந்தப் பேச்சை நான் நம்பினேன்.

வேறு இன்ஜின்தான் என்று ஆனதும் வீட்டில் மூன்று கட்சி உருவானது.

முதல் கட்சி, அண்ணன் மகனின் நண்பர்கள். புதுக் காமன் ரெயில் டீசல் இன்ஜின் போடு, 100 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கும், புகை இருக்காது, பறக்கும் என்றார்கள். இரண்டாவது கட்சி, சென்னையில் இருக்கும் என் மருமகன். எலெக்ட்ரிக்காக மாற்றிவிடலாம் என்றார். மூன்றாவது கட்சியில் பட்டறைக்கார மாணவன் ஒருவன் மட்டும். பிந்தைய மெட்டடாரில் கம்பெனியே வைத்த ஓ.எம். 616 இன்ஜினைத் தேடுவோம் என்றான்.

நான் யார் பக்கமும் சேராமல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான், நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கட்டில், அடுப்பு, ஆட்கள் எல்லாம் சேர்த்து வேனின் எடை 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை விசை சுமார் 25,000 நியூட்டன். 20 அடிக்கு ஓர் அடி ஏறும் சாலையில் பின்னோக்கி இழுக்கும் விசை அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 1,250 நியூட்டன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். 1,250-ஐ 10-ஆல் பெருக்கினால் 12,500 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 17 குதிரை. டயர் உராய்வு, காற்றுத் தடை, கியரில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் 30 குதிரை போதும். படுத்துக்கொண்டு வரும் 76 வயது அம்மாவை இதைவிட வேகமாக மலைமேல் கொண்டுபோக வேண்டிய அவசரம் யாருக்கு?

அப்படியானால் 100 குதிரை இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இன்ஜின் ஓட வைக்கும், நிறுத்த வேண்டியது பிரேக். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! மணிக்கு 50-ல் போகும் வண்டியை 70-ல் ஓட்டினால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வேனின் பிரேக், அந்தக் காலத்து மெதுவான இன்ஜினுக்கென்று செய்தது. அதோடு மெட்டடார் முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. இன்ஜின் திருகும் திருகு முழுவதும் அந்தப் பழைய கியர்பாக்ஸ், முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். புது இன்ஜின் வைத்தால் அடுத்து கியர்பாக்ஸ், பிறகு பிரேக், பிறகு கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும். கடைசியில் அண்ணனின் வேன் என்று சொல்லத் தகரம் மட்டும் மிஞ்சும்.

எலெக்ட்ரிக் யோசனை மோசமில்லை. அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் மாற்றச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஆனால் மலை ஏறி இறங்கி வரும் அளவுக்கு பேட்டரி வைத்தால் எடையும் செலவும் கூடும். கட்டில் போட வேண்டிய இடத்தில் பேட்டரிதான் படுத்துக்கொண்டு வரும். மருமகன் சிரித்துக்கொண்டே வாபஸ் வாங்கினார்.

இனி ஓ.எம். 616. மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி காரில் இருந்த அதே 2.4 லிட்டர் டீசல். ஜெர்மனியில் ஹனோமாக் கம்பெனி பென்ஸ் கைக்குப் போன பிறகு, இதே குடும்பத்து வேனுக்குள் பென்ஸ் டீசல் இன்ஜினை வைத்து எல் 206 டி, எல் 306 டி என்று விற்றார்கள். இங்கே பஜாஜ் டெம்போவும் (2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) உரிமம் பெற்று ஓ.எம். 616 செய்து மெட்டடாரிலும் டிராக்ஸிலும் வைத்தது. அதாவது நாம் செய்ய நினைக்கும் மாற்றத்தைத் தயாரித்தவர்களே செய்து காட்டிவிட்டார்கள். டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பம்ப், நாசில், ஹீட்டர் பிளக், இவ்வளவுதான். தென்காசியிலோ கொல்லத்திலோ நின்றாலும் கை வைக்க ஒரு வயதான மெக்கானிக் கிடைப்பார். அந்தக் காலத்தில் டாக்ஸிக்காரர்கள் அம்பாசிடரில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் இன்ஜினை ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இதன் பெயர் புதிதில்லை.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன், பழைய வண்டி வைத்திருக்கும் மாணவர்களுக்கு உதவும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படியுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம், உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. இன்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்தின் அனுமதியும், ஆர்.சி.யில் புது இன்ஜின் எண்ணும் வேண்டும். ஆகவே முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகம், பிறகுதான் இன்ஜின் கடை என்று வரிசை வைத்திருக்கிறோம். பின் சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவதையும் அதே விண்ணப்பத்தோடு கேட்கிறோம். மாநில எல்லை தாண்டப் போகும் வண்டி. சோதனைச் சாவடியில் மதினியைக் காக்க வைக்க முடியாது.

ஒரு மாணவி, "அசல் இன்ஜினையே வச்சு வின்டேஜ் பதிவு வாங்கலாமே சார்" என்று எழுதியிருந்தாள். நல்ல கேள்வி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி அதற்கு வண்டி 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். நம் வேனுக்கு 50 ஆக இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. மதினி அதுவரை காத்திருக்கச் சொல்லலாமா?

கணக்கும் சட்டமும் முடிந்த பிறகும் அண்ணன் மகன் முகம் தெளியவில்லை. "அப்பா கை வச்ச இன்ஜின் சித்தப்பா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெருமுனையில அப்பா வர்றார்னு ஓடுவேன்" என்றான். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. பதில் சொன்னது மதினி. அவர் இருப்பது ஆண்டாள் தேர் ஓடும் வீதிக்குப் பக்கத்தில். "மரச் சக்கரம் இருந்தப்போ தேர் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும், தெரியுமா? இப்ப இரும்புச் சக்கரம், பிரேக்கு எல்லாம் வச்சு அன்னன்னைக்கே வந்துருது. சக்கரத்த மாத்தினதுக்காக ஆண்டாள் ஏற மாட்டேன்னுட்டாளா? உங்க அப்பா இருந்தா இந்நேரம் மாத்தியிருப்பாரு" என்றார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றான்.

இப்போது மதுரைப் பக்கம் இரண்டு இன்ஜின் பார்த்து வைத்திருக்கிறோம். என் மாணவன் எழுதித் தந்த பட்டியல் இது: ஓடவிட்டு, சூடான பிறகு ஆயில் பிரஷர் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரக் கூடாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வேண்டாம். பிளாக்கில் அடித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், எண்ணைத் தேய்த்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கிடைத்ததும் இன்ஜினுக்குச் செலவழிக்கும் முன் பிரேக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

அண்ணனின் பழைய இன்ஜினைக் காயலாங்கடைக்கு அனுப்பவில்லை. பிளாக்கைக் குறுக்கே அறுத்து, பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும்படி பட்டறையில் வைக்கப் போகிறான் மாணவன், வேலை பழக வரும் பையன்களுக்குக் காட்ட. நான்கு ஸ்ட்ரோக்கை நான் படம் போட்டு நடத்தியதைவிட அது நன்றாக நடத்தும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஓ.எம். 616 உட்கார்ந்த மெட்டடாரின் இன்ஜின் மவுண்டிங்கும் பெல் ஹவுசிங்கும் யாரிடமாவது, யாருடைய கொட்டகையிலாவது கிடந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம். சாரல் தொடங்கும் முன் வண்டி ஓட வேண்டும்.