வெம்ப்ளியும் நாலு பொண்ணுங்களும்

நான் குடியிருப்பது ஆல்பர்டனில். யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் வீட்டு மாடியில் ஒரு ரூம். அக்காவின் மகளுக்குப் பதினஞ்சு வயசு. அவள் ரூம் சுவர் முழுக்க பிளாக்பிங்க் போஸ்டர். நாலு பேருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கேன்னு ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கட். :-) மூணாம் நாள்தான் பாடம் நடத்தினாள். "லிசா கொரியாவே இல்ல அண்ணா, தாய்லாந்து. ரோஸே பிறந்தது நியூசிலாந்து, வளர்ந்தது ஆஸ்திரேலியா."

2025 ஆகஸ்ட் 15. ஊரில் கொடியேத்தி மிட்டாய் கொடுத்திருப்பாங்க. நான் ராத்திரி வெம்ப்ளி ஸ்டேடியம் வாசல்ல நிக்கிறேன். உள்ளே கச்சேரி. மகள் அவள் ஃபிரண்டோடயும் ஃபிரண்டோட அம்மாவோடயும் போயிருந்தாள். அவங்க வீடு வேற பக்கம். அக்காவுக்கு நைட் டியூட்டி. அதனால கூட்டிட்டு வர்ற வேலை நமக்கு. டிஸர்டேஷன் ஆணி தலைக்கு மேல கிடந்தது. ஆனா சாப்பாடு போடுற அக்காவிடம் மாட்டேன்னு சொல்ல முடியுமா?

நின்ன இடத்துல இருந்து பக்கத்துலயே வெம்ப்ளி அரீனா தெரியும். 2019 மே மாசம் இதே நாலு பேரும் அங்கேதான் பாடினாங்க. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பிடிக்கிற இடம். 2022 நவம்பர் கடைசியில் ஓ2 அரீனா, ரெண்டு நாள், இருபதாயிரம் பேர் பிடிக்கும். அதே வருஷம் செப்டம்பரில் அவங்களோட 'பார்ன் பிங்க்' ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதலிடம். கே-பாப் பெண்கள் குழுவில் அதுதான் முதல் தடவை. 2023 ஜூலையில் ஹைட் பார்க். நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் சார்லஸ் கையால எம்.பி.இ. கௌரவம், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்காகப் பேசினதுக்கு. இப்போ இந்த ஸ்டேடியம். கால்பந்துக்கு 90,000 பேர் உட்காருவாங்க. இங்கே முதன்மைக் கச்சேரி செஞ்ச முதல் கே-பாப் பெண்கள் குழு இவங்கதான். அரீனாவிலிருந்து ஸ்டேடியத்துக்கு நடந்தா அஞ்சு நிமிஷம். இவங்களுக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? எல்லாம் ஒரு சண்டைக்கு அப்புறம் உட்கார்ந்து படிச்சதுதான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ரெண்டு வாரம் முன்னாடி சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள், பரீட்சை முடிஞ்சதும் ஆடிஷனுக்குப் போறேன்னு. "உதென்ன விசர்க்கதை!" என்றார் அக்கா. அவள் விடலை. போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கேட்ஸ்ஐ குழுவின் லாரா ராஜ். கொரியக் கம்பெனி ஹைப், அமெரிக்கக் கம்பெனியோட சேர்ந்து 2023-ல் உண்டாக்கின ஆறு பேர் குழு. லாரா அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பொண்ணு. அக்கா படத்தை உத்துப் பார்த்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்கு. எந்த ஊராம்?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ தம்பி."

நானும் பெரிய மனுஷன் மாதிரி ஆரம்பிச்சேன். அந்த ஆறு பேருக்காக விண்ணப்பிச்சது ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர்னு கம்பெனியே சொல்லியிருக்கு, மிச்சப் பேர் என்ன ஆனாங்க, அப்படி இப்படின்னு. அவள் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாள். கடைசியில் ஒரே கேள்வி. "நீங்களும் லோன் எடுத்துத்தானே வந்தீங்க? வேலை கிடைக்கும்னு யார் அண்ணா சொன்னது?"

பதில் இல்லை. ஊரில் வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கு. படிப்பு முடிஞ்சு கொஞ்ச காலத்துக்குள் வேலை கிடைச்சாகணும். என் கிளாஸில் எல்லாருக்கும் இதே கதை. எத்தனை பேர் தேறுவோம்னு தெரியாது. ஆனா நான் கிளம்பினப்போ யாரும் விசர்னு சொல்லலை. ஏர்போர்ட்டில் மாலை போட்டாங்க.

அந்த நாலு பேரும் 2016 ஆகஸ்ட் 8 அன்னைக்கு மேடையேறும் முன்னாடி நாலிலிருந்து ஆறு வருஷம் பயிற்சியிலேயே இருந்தாங்க. மாசா மாசம் டெஸ்ட். தேறாதவங்க மூட்டை கட்டணும். சில கம்பெனிகளில் பயிற்சிச் செலவைக் கணக்கெழுதி வச்சு, பின்னாடி சம்பாத்தியத்தில் பிடிச்சுக்குவாங்களாம். படிக்கும்போது வயித்தைப் பிசைஞ்சது. நம்ம கல்விக்கடன் மாதிரியே இருக்கே! ஒரு வித்தியாசம், நமக்குத் தோத்தாலும் ஒரு சர்டிபிகேட் மிஞ்சும். மூட்டை கட்டின அந்தப் பொண்ணுங்களுக்குப் படிக்க வேண்டிய வயசு போனதுதான் மிச்சம். அக்கா பயப்படுறது இதுக்குத்தான். அது விசர்க்கதை இல்லை.

பத்தரை மணிக்கு மேல கூட்டம் வெளியே கொட்டிச்சு. கையில் கறுப்பும் பிங்க்குமா சுத்தியல் மாதிரி ஒரு லைட்டு. இவளைக் கண்டுபிடிக்கவே இருபது நிமிஷம். தொண்டை சுத்தமா கட்டிப்போச்சு. பஸ்ஸில் ஏற முடியலை, ஈலிங் ரோடு வழியா நடந்தே வந்தோம். பாதி வழியில் சொன்னேன், "அன்னைக்கு நீ கேட்டது சரிதான். எனக்கும் யாரும் சொல்லலை."

கரகரப்பா ஒரு சிரிப்பு. "தெரியும் அண்ணா."

மறுநாள் அக்காவிடம் பேசினேன். ஒப்பந்தம் இதுதான்: சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை என்கிட்ட கணக்கு. ஆடிஷன் பேச்சு சோதனைக்கு அப்புறம். "கணக்கில குறைஞ்சால் உங்களைத்தான் கேப்பன்" என்றார் அக்கா.

இப்போ எனக்கும் மாசா மாசம் டெஸ்ட். :-)