விறாந்தை இருக்கிற வீடு

புதிதாக வந்து வீடு தேடுகிறவர்கள் எத்தனை அறை என்றுதான் முதலில் கேட்பார்கள். முன்னுக்கு விறாந்தை இருக்கிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள்.

நாங்கள் இருப்பது தென் ஒன்ராறியோவில், லீமிங்ரனுக்குப் பக்கத்தில். சின்னத் தோட்டக் காணியோடு ஒரு பழைய பலகை வீடு, வாடகைக்கு. இந்தப் பக்கத்து ஆட்கள் விறாந்தையில் சப்பாத்துக் கழற்றுவார்கள், ஒரு ஆடுகதிரை போடுவார்கள். நாங்கள் மீன் பொரித்தோம். உள்ளே பொரித்தால் வாசம் குளிர்ச்சட்டையில் ஏறி எங்களோடு தொழிற்சாலைக்கும் வந்துவிடும். மின்சார அடுப்புத்தான் பாவிக்கிறோம். பலகைத் தரையில் கரியடுப்பு வைக்க வேண்டாம்.

அடுத்தது மிளகாய்க் கன்று. மார்ச்சில் யன்னலோரம் முளைத்ததை நேரே வெளியில் நட்டால் வெயிலும் காற்றும் வாட்டிவிடும். முதல்நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று பத்து நாள் விறாந்தையில் பழக்கவேண்டும். மே 24ஐ ஒட்டிய நீண்ட வாரஇறுதியில்தான் நடுகை. அதற்கு முதல் உறைபனியை நம்பமுடியாது.

அந்தக் கன்றுகள்தான் அம்மாவை வெளியே கொண்டுவந்தன. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவர் அவர். இங்கே வந்த முதல் மாரி முழுக்க யன்னல் சீலையைக்கூட விலக்கவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. கன்றுகளை ரக்கூன் கிளறிப்போடும், காவல் இருங்கோ என்று கதிரை போட்டுக் கொடுத்தோம். (ரக்கூன் இரவில்தான் கூட வரும். அதை நாங்கள் சொல்லவில்லை.)

ஆவணியில் மிளகாயும் கத்தரியும் மிஞ்சியது. படியருகே மேசையில் வைத்து, காசு போட ஒரு பேணியும் வைத்தோம். அம்மா தானாகவே பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தார். ஊரில் சங்கடப்படலையில் வழிப்போக்கருக்கு வைக்கிறதுபோல. தண்ணீரை ஒருவரும் தொடவில்லை. ஆனால் அடுத்த காணிக் கிழவி வந்து குந்தத் தொடங்கிவிட்டார். இரண்டுபேருக்கும் பொதுப் பாஷை இல்லை. கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி எப்படிச் சமைப்பது என்று கையால் கதைக்கிறார்கள்.

இரவு பதினொன்றரைக்கு நாங்கள் வரும்போது விறாந்தை லைற் எரியும். அம்மா பேணியை மடியில் கொட்டி எண்ணுவார்.

"இண்டைக்கு நாலு டொலர். ஒருத்தன் காசு வைக்காமல் கொண்டுபோட்டான். பாவம், பசியாக்கும்."