கேரியரில் ஏறாதது எது

7.6.2024, வெள்ளி

பல்லாவரம் சந்தை. ஏழு மணிக்கே பழைய டிரங்க் ரோடு நெரிசலாகிவிட்டது. புறாக்கூண்டு, ரோஜாச் செடி, ஜன்னல் கதவு, டிவி ரிமோட் மட்டுமே குவித்த கடை என்று வழக்கமான வரிசை. தேக்குச் சட்டத்தில் ஒரு சாய்வு நாற்காலி அகப்பட்டது. துணி கிழிந்திருந்ததைச் சாக்காக வைத்துப் பேசியதில் பாய் 900-இலிருந்து 550-க்கு இறங்கினார். "வண்டி எங்க சார் நிக்குது?" என்றார். சைக்கிளைக் காட்டினேன். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. கடைப் பையனைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார்.

சாய்வு நாற்காலி மடங்கும். துணி கோத்த கம்பு இரண்டையும் உருவிவிட்டால் வெறும் பலகைக் கட்டு. நீளவாட்டில் கேரியரில் வைத்து ட்யூப் ரப்பர் போட்டுக் கட்டினோம். நைலான் கயிறு குலுக்கலில் தளர்ந்துவிடும். பஞ்சர் கடையில் கீறி வாங்கிய பழைய ட்யூபை இழுத்துக் கட்டினால் பள்ளம் மேடு எதற்கும் பிடி விடாது. அனகாபுத்தூர் வரை மிதித்தே வந்தேன்.

8.6.2024, சனி

மச்சான் போனில் பிடித்துக்கொண்டான். "சொல்லியிருந்தா காரை எடுத்துட்டு வந்திருப்பேனே மாமா!" சந்தை நாளில் அந்தப் பக்கம் காரை நிறுத்த இடம் தேடி அலைகிறவர்களை அவன் பார்த்ததில்லை. சைக்கிள் கடை வாசலுக்கே போகும்.

பாரம் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்கு சிலிண்டர் போடும் தம்பி சைக்கிளில்தான் வருகிறான். உள்ளே இருக்கும் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஒரு சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு விசிலடித்துப் போகிறான். அவனையே ஒரு பிளாஸ்டிக் டீப்பாயை ஏற்றச் சொன்னால் யோசிப்பான். எடை சைக்கிளை ஒன்றும் செய்யாது, அகலம்தான் படுத்தும். கேரியரில் அகலமாக ஏதாவது இருந்தால் பின்பக்கமாகக் காலைத் தூக்கிப்போட்டு ஏற முடியாது. பாருக்கு மேல் காலை விட்டு முன்பக்கமாக நுழைய வேண்டும். இறங்குவது அதைவிடக் கூத்து.

துணி மாற்ற டெய்லர் 300 கேட்டாராம். "மெஷின் இருந்தா நானே அடிச்சிருப்பேன்" என்றாள் இவள்.

14.6.2024, வெள்ளி

தையல் மெஷின் எதுவும் தேறவில்லை. இரும்பு ராக் ஒன்று 400-க்கு முடிந்தது. நட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்த நேரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஞாபகத்துக்கு வந்தார். 1863-இல் இதே பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர். இந்த ஊரில் பழைய சாமான் பொறுக்கியவர்களில் அவருக்குக் கிடைத்ததுதான் ஆகப் பழசு. கையிலேயே எடுத்துக்கொண்டு போகிற சைஸ் வேறு.

ராக்கைப் பிரித்தால் ஆறடி ஆங்கிள்கள். பாரோடு சேர்த்துக் கட்டி, பின்னால் நீட்டிய முனையில் சிவப்புத் துணி. பம்மலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "யண்ணா, வாலை மடக்கு!" என்று கத்திவிட்டுப் போனார்.

21.6.2024, வெள்ளி

கிடைத்துவிட்டது. கால்மிதி மெஷின், வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, மேல்பலகையில் ஒரு மூலை மட்டும் ஊறிப்போயிருக்கிறது. 2,800. குட்டியானைக்காரர் அனகாபுத்தூருக்கு 900 என்றார். மெஷின் விலையில் மூன்றிலொரு பங்கு! முடியாது என்று வந்துவிட்டேன்.

முதலில் தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றினோம். மெஷின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீல் இருக்கும் இடத்தில் இரண்டு திருகைத் தளர்த்தினால் தலை தனியே கையோடு வந்துவிடுகிறது. ஸ்டாண்டைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு மிதிக்கவே வழியில்லை.

மிதிக்காவிட்டால்? 1954-இல் தியன் பியன் ஃபூ போருக்கு வியட்நாம்காரர்கள் அரிசியும் குண்டும் கொண்டுபோனது சைக்கிளில்தான். ஒரு சைக்கிளுக்கு 200 கிலோ சர்வசாதாரணம். ஒருவரும் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் மூங்கிலைக் கட்டி நீட்டி, பக்கத்தில் நடந்து தள்ளினார்கள். ஓட்டுகிற ஆள் இல்லையென்றால் சீட்டு, பெடலுக்கு மேலுள்ள இடம் எல்லாமே சுமைக்குத்தான்.

கேரியரில் கோணியை மடித்துப் போட்டு சீட்டு உயரத்துக்குக் கொண்டுவந்தோம். அந்த மேடையில் ஸ்டாண்டைத் தலைகீழாக, நீளவாட்டில். நாலு காலும் வானத்தைப் பார்த்தன. மெஷின் தலை சாக்கில் சுற்றி பாரில் தொங்கியது. கொடிக்கம்பம் விற்கிறவரிடம் மூன்றடி மூங்கில் துண்டு 20 ரூபாய். அதை ஹேண்டிலில் இறுக்கிக் கட்டியதும், சுமை இடிக்காத தூரத்தில் நின்று திருப்ப முடிந்தது. நேராகப் போவதில் சிரமமே இல்லை. நிற்பதில்தான். ஸ்டாண்டு போட்டால் பின்பாரத்தில் முன்சக்கரம் எழும்புகிறது. டீ குடிக்கக்கூடச் சுவரில் சாய்க்க வேண்டியிருந்தது. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் பால்காரர் ஒருவர் சொல்லாமலே வந்து பின்னால் கைகொடுத்தார். வீடு சேரும்போது மதியம்.

28.6.2024, வெள்ளி

மெஷினுக்கு எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டி, நாற்காலித் துணி, தலையணை உறை என்று அடித்துத் தள்ளுகிறாள். அடுத்து பீரோ வேண்டுமாம். சந்தையில் ஒன்றைப் பார்த்தேன்: கண்ணாடி வைத்தது, ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். படுக்க வைத்தாலும் நிறுத்தினாலும் சைக்கிளுக்கு மூன்றடி ஆகாது, தள்ளினாலும்கூட. மீன்பாடி வண்டிக்காரரிடம் பேசினேன். 500 என்றார், 400-க்கு வந்தார். ஏற்ற இறக்க ஆள் நான். டீச் செலவும் என்னுடையது என்று பேச்சு.