நெருப்பின் அருகில் நிற்பது யார்?

கடந்த கோடையில் ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகன் ஒரு விளம்பரத் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கால்கள் பொருத்திய கறுப்பு இரும்புப் பீப்பாய், அதன் ஒரு பக்கத்தில் ஒரு பெட்டி, மறுபக்கத்தில் சிறியதொரு புகைபோக்கி. விலை ஆயிரம் கனடிய டொலரைத் தொட்டு நின்றது.

"மாமா, இதை வாங்கலாமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவனிடம் அபிப்பிராயம் கேட்டால், விடயம் தெரியாவிட்டாலும் அபிப்பிராயம் உடனே வந்துவிடும். "வீண் செலவு தம்பி" என்றேன். அதற்குப் பின்னர்தான் அது என்ன பொருள் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

அது 'வூட் பெலற்' என்னும் மரத்தூள் உருளைகளை எரித்து இறைச்சியைப் புகையிலும் சூட்டிலும் வேகவைக்கும் அடுப்பு. மரத்தூளைப் பெரும் அழுத்தத்தில் நெருக்கி இவ்வுருளைகளைச் செய்கிறார்கள். பென்சில் அளவு தடிப்பு, ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட நீளம். பசை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் அழுத்தத்தின் சூட்டில் இளகி, தூளைப் பிணைத்துவிடுகிறது. பெட்டியில் இதைக் கொட்டி வெப்பநிலையைக் குறித்துவிட்டால், ஒரு திருகாணித் தண்டு உருளைகளைச் சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரத்தால் சூடேறும் கோல் தீ மூட்டுகிறது. விசிறி காற்றை ஊதுகிறது. உள்ளே இருக்கும் உணரி சூட்டைப் பார்த்துக்கொள்கிறது. ஊதுகுழலும் வேண்டாம், விறகைத் தள்ளிவிட ஆளும் வேண்டாம்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், வட அமெரிக்காவில் வீடுகளைச் சூடாக்கவே இவ்வுருளைகள் பரவலாயின. அதைச் சமையலுக்குத் திருப்பியவர் ஒரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரில் வெப்பமூட்டும் கருவிகளை விற்றுவந்த ஜோ ட்ரெய்கர். அதற்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அது 2006இல் காலாவதியான பின்னர் பல நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின.

இவ்வளவும் அறிந்த பின்னரும் என் தீர்ப்பு மாறவில்லை. காரணங்களைத் தாளில் எழுதி மருமகனிடம் கொடுத்தேன். இந்த அடுப்பின் உண்மையான திறமை, பெரிய இறைச்சித் துண்டங்களைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைப்பதில் இருக்கிறது. அமெரிக்கர்கள் மாட்டின் நெஞ்சிறைச்சியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதில் வைப்பார்கள். நம் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை. நாம் சுடுவது மிளகாய்த்தூளும் தேசிப்புளியும் பூசிய கோழிக்கால், மீன், இறால். அவற்றுக்கு வேண்டியது நேரடியான கடுஞ்சூடு. இவ்வடுப்பு பலவீனமாக இருப்பதும் அதில்தான். கனடாவில் வெளியே நின்று சுடக்கூடிய வாரங்களும் கொஞ்சம். வெட்ட இரும்பு வாளிபோல ஒரு கரி அடுப்பு ஏற்கெனவே முற்றத்தில் இருக்கிறது. பிறகு எதற்கு ஆயிரம் டொலர்?

தாளின் அடியில், நெருப்பின் அருகில் நில்லாமல் சமைத்த உணவில் ருசி இராது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை வாசித்தவர் என் மனைவி.

"இஞ்சருங்கோ, அடுப்பைப் பற்றி எழுதினது நீங்கள். அடுப்படியிலை நிண்டது ஆர்?"

அவர் குறிப்பிட்டது 2022ஆம் ஆண்டை. சமையல் எரிவாயு கிடைக்காமல் நாடே வெற்றுச் சிலிண்டருடன் வரிசையில் நின்ற காலம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் மூன்று செங்கற்களை வைத்து, தென்னம்பாளையும் சிரட்டையும் பொச்சுமட்டையும் எரித்து மனைவி சமைத்தார். மழைக்காலத்துப் பாளை எரியாது, புகையும். நானோ முன்னறையில் இருந்து, விறகடுப்புச் சோற்றின் சுவை மீண்டுவிட்டதென்று பத்தி எழுதினேன். வாசகர்கள் பாராட்டினார்கள். அவர் இருமிக்கொண்டிருந்தது அந்தப் பத்தியில் இல்லை. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணை நான் செய்தியாகப் படித்திருக்கிறேன். என் வீட்டுக் கொல்லைப்புறத்துடன் அதைப் பொருத்திப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. மருமகனின் தமையனார் குடும்பத்துடன் மொன்றியலில் இருந்து வந்திருந்தார். அன்று நான் கதிரையைக் கரி அடுப்பின் அருகில் போட்டுக்கொண்டேன். வாரம் முழுவதும் களஞ்சியமொன்றில் இரவு வேலை செய்யும் மனிதர், கரி கனலும்வரை முக்கால் மணி நேரம், கோழி கருகாமல் புரட்டிப் புரட்டி மேலும் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றார். தமையனாரின் கேள்விகளுக்கு முதுகைக் காட்டியபடியே பதில் சொன்னார். கடைசித் துண்டுடன் அவர் மேசைக்கு வந்தபோது மற்றவர்கள் கை கழுவியிருந்தார்கள்.

என்ன பொருள், எவ்வளவு விலை, எங்கே, எப்போது பயன்படும் என்றெல்லாம் விசாரித்த நான், 'ஏன்' என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை. புதிதாகச் சேரும் நிருபர்களுக்கு நானே கற்பித்த கேள்வி அது. அன்றிரவு கேட்டேன்.

"ஆக்கள் வந்தால் அவையோடை இருக்க வேணும் மாமா. அவ்வளவுதான்."

வாங்குங்கள் என்றேன். கூடவே விசாரித்து அறிந்த சிலவற்றையும் சொன்னேன். வீட்டைச் சூடாக்க விற்கும் உருளைகளைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. அவற்றில் என்ன மரம், என்ன கலப்பு என்பது நிச்சயமில்லை. உணவுக்கென்றே விற்பதை வாங்க வேண்டும். அவை நனைந்தால் ஊதித் தூளாகித் திருகாணியை அடைத்துவிடும். மூடிய வாளியில் வைக்க வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோவரை எரியும் என்பதால், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாம்பலையும் வடிந்த கொழுப்பையும் அகற்றாவிட்டால் உள்ளே தீப்பிடிக்கும். கராஜுக்குள் ஒருபோதும் மூட்டக்கூடாது. காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும். கரி அடுப்பை எறிந்துவிடாமல் மீனுக்கும் இறாலுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

கொழும்பில் இதை நான் வாங்குவேனா? மாட்டேன். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்தோம். மின்சாரம் இல்லையேல் இது வெறும் இரும்புப் பீப்பாய்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிறன்று புதிய அடுப்பில் ஓர் ஆட்டுத்தொடை ஏறியது. ஆறு மணி நேரம். மருமகன் இரண்டொரு தடவை மட்டும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுடன் இருந்தார். தன் தகப்பனாரைப் பற்றி அன்றைக்குத்தான் என்னிடம் நெடுநேரம் பேசினார். இறைச்சி பஞ்சுபோல் வெந்திருந்தது. கொழுப்புச் சொட்டிக் கரியில் விழுந்து எழும் அந்தப் புகையின் காரம் மட்டும் இல்லை.

அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.