சித்தப்பாவின் 4.75

வீட்டுல பழைய ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க. டோட்டல் கவுன்ட்டுக்குக் கீழே நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்னு ரெண்டுக்கும் சதவிகிதம் போட்டிருக்கும். முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா வர்றதுதான் என்.எல்.ஆர். அஞ்சாம் கிளாஸ் கணக்குதான்!

கிருமியோ காயமோ, உடம்புல எங்கே தீப்பிடிச்சாலும் முதல்ல ஓடிவர்ற ஃபயர் சர்வீஸ், நியூட்ரோஃபில். லிம்ஃபோசைட் கிரைம் பிராஞ்ச் மாதிரி. அடையாளம் பார்த்துப் பிடிக்கும், புற்றுச்செல்லையும் பிடிக்கும். ஆரம்பக்கட்ட நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே இந்த விகிதம் எகிறியிருந்த குரூப்பில், சராசரியாக ஆயுள் குறைவு.

இ.சி.இ. படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறீங்களா? போன வருஷம் என் சித்தப்பாவுக்கு முதல் ஸ்டேஜிலேயே கண்டுபிடிச்சு, வலது நுரையீரல்ல ஒரு பகுதியை எடுத்தாங்க. ஃபைல் தூக்கற வேலை எனக்கு. ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டுல 68-ஐ 22-ஆல வகுத்தேன். 3.1.

சித்தப்பா லேத் பட்டறை வெச்சிருக்கார். "லிமிட் எவ்வளவுடா?"ன்னுதான் முதல்ல கேட்டார். ஒரு ஆய்வுல 2.5, இன்னொண்ணுல 3, வேறொண்ணுல 5-ன்னு சொன்னேன். "அளவே முடிவாகாத கேஜை வெச்சுக்கிட்டு என்னத்தடா செக் பண்றே?"

நியாயமான கேள்வி. ஆனாலும் இந்த மார்க்கர்களை ஒதுக்கவும் முடியலை. 2017-ல் 'லான்செட்' இதழில் வந்த கான்டோஸ் ஆய்வையே எடுத்துக்குங்க. ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்த 10,061 பேர். கல்லீரல் சுரக்கிற சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் எல்லோருக்குமே தூக்கலா இருந்தது. பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களுக்கு, ஆய்வின் தொடக்கத்திலேயே அதன் நடு அளவு லிட்டருக்கு 6 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 4.2. அழற்சியைத் தணிக்கிற கானகினுமாப் மருந்தை அதிக டோஸில் போட்டுக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 77 சதவிகிதம் குறைவு. படிச்சப்போ ஹாஸ்டல்ல விசிலடிக்காத குறை. ஆனா ஆபரேஷன் முடிஞ்சவர்களுக்கே அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் தோற்றுப்போச்சு. நோய் திரும்பாத காலம் நீளவே இல்லை. புகையைப் பார்த்து ஓடிப்போய்த் தண்ணி ஊத்தினா, தீ வேற இடத்துல இருக்கலாம் போல.

எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஆச்சு. ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் கழிச்சு எடுத்த ரிப்போர்ட்டுல 76-ம் 16-ம். கணக்குப் போட்டா 4.75! சித்தி முகத்தைப் பார்க்க முடியாம பார்க்கிங்ல போய் நின்னேன். உள்ளே டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமா வெச்சுட்டு, "வாயைத் திறங்க"ன்னாராம். கடவாய்ப்பல் சீழ் பிடிச்சு வீங்கியிருந்தது. சி.டி. ஸ்கேன் க்ளீன். பல்லைப் பிடுங்கி ஒரு மாசத்துல விகிதம் 2.

நம்பர் பொய் சொல்லலை. அழற்சி இருக்குன்னுச்சு, இருந்தது. எங்கேன்னுதான் அதுக்குச் சொல்லத் தெரியலை. இப்பவும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கிராஃப் ஷீட்டுல புள்ளி வைக்கிறேன். டாக்டர் சி.டி.யைத்தான் நம்பறார், அடுத்தது மார்கழியில. போன வாரம் ஊருக்குப் போனப்போ, ஷீட்டுல அந்த 4.75 புள்ளிக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு அம்புக்குறி. சித்தப்பா கையெழுத்துல, 'பல்லு'.